இரண்டு மணிக்கு முடியும் ஷிப்ட்

ஆம்புலன்ஸ் ஸ்டேஷனில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதைவிட ரோட்டாவைப் பற்றித்தான், அதாவது யாருக்கு எப்போது ஷிப்ட் என்ற அட்டவணையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. 2022 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தது எல்லாச் சேனலிலும் ஓடியது. அடுத்த ஆண்டு, நான் பாராமெடிக்காக (ஆம்புலன்ஸில் போய் அவசரச் சிகிச்சை தருபவராக) வேலை பார்க்கும் டிரஸ்டில், அதாவது எங்கள் பகுதி ஆம்புலன்ஸ் சேவையை நடத்தும் அரசு அமைப்பில், ஷிப்ட் நேரங்களை மாற்றப் போவதாக நிர்வாகம் அறிவித்து, மாதக்கணக்கில் இழுபறி நடந்தது. அது எந்தச் செய்தியிலும் வரவில்லை. யூனியன் பிரதிநிதியாக அந்தப் பேச்சுவார்த்தையில் நானும் இருந்தேன்.

பழைய ரோட்டா எளிமையானது. காலை ஏழு முதல் இரவு ஏழு, இல்லையென்றால் இரவு ஏழு முதல் காலை ஏழு. நிர்வாகம் முதல் கூட்டத்திலேயே ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டது. 999 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகள் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் ஏறுகின்றன. இரவு வெகுநேரம் வரை இறங்குவதில்லை. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத்தான் அடங்குகின்றன. ஆட்களோ எல்லா நேரத்துக்கும் ஒரே அளவில் இருக்கிறார்கள். ஆகவே தொடங்கும் நேரத்தை ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று பிரிக்க வேண்டும். கூடவே மாலை நான்கு முதல் பின்னிரவு இரண்டு வரை ஒரு ஷிப்ட். அந்த வரைபடத்தில் பொய் எதுவும் இல்லை. இதைச் சொன்னதற்காக எங்கள் ஆட்களிடமே நான் திட்டு வாங்கினேன்.

பிரச்சினை அந்த இரண்டு மணி ஷிப்டில்தான் வெடித்தது. முழு இரவு வேலை பார்ப்பவர் விடிந்ததும் வீட்டுக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். இரண்டு மணிக்கு முடிப்பவருக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. எங்கள் பகுதியில் அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. வீடு போய்ப் படுக்க நான்காகும், ஏழு மணிக்குப் பிள்ளையை எழுப்ப வேண்டும். இந்த மாற்றம் சிறு பிள்ளை உள்ள பெண்களை எவ்வளவு பாதிக்கும், 2010 சமத்துவச் சட்டத்தின்படி அதைப் பார்த்தீர்களா என்று கேட்டோம். பார்க்கவில்லை. அந்த ஒரு கேள்வியால் எங்களுக்குச் சில வாரங்கள் கிடைத்தன.

சரி, எல்லோரும் ஒரே குரலில் எதிர்த்தோமா என்றால், இல்லை. அதற்குக் காரணம் அகால நேரப் படி, அதாவது இரவு, ஞாயிறு போன்ற நேரங்களில் வேலை பார்ப்பதற்குக் கிடைக்கும் கூடுதல் பணம். 2018 செப்டம்பருக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வேலையில் சேர்ந்து பழைய விதியிலேயே தொடர்பவர்களுக்கு, ரோட்டாவில் சராசரியாக எத்தனை அகால மணி நேரம் வருகிறதோ அதைப் பொறுத்து, அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதம் வரை மொத்தமாகக் கிடைக்கும். பிறகு சேர்ந்தவர்களுக்கு அகால நேரத்தில் பார்த்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனிக் கணக்கு. எங்கள் சம்பள நிலையில் வார நாளில் இரவு எட்டுக்கு மேல் காலை ஆறு வரை 30 சதவீதம் கூடுதல், ஞாயிற்றுக்கிழமை 60 சதவீதம் கூடுதல். என்னோடு ஒரே வண்டியில் வரும் தமிழ்ப் பெண் ஒருத்தி ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: “அண்ணா, ஒரு நைட் கூடினாலும் குறைந்தாலும் உங்கள் சம்பளம் பெரிதாக மாறாது. எனக்கு ஒரு நைட் போனால் அந்த மாதமே இடிக்கும். எங்களுக்காக யார் பேசுகிறீர்கள்?” நியாயமான கேள்வி. நைட் ஷிப்டுகளைக் குறைத்தால் அவளுக்கு நஷ்டம், பழையவர்களில் பலருக்கு நிம்மதி. அதுவரை எங்கள் பக்கத்து அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வகைச் சம்பளத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கொண்டுபோனோம். நிர்வாகத்திடம்கூட அந்தக் கணக்கு இல்லை.

இத்தனைக்கும் நடுவில் யாரும் தொட விரும்பாத விஷயம் ஒன்று இருந்தது. நோயாளியை மருத்துவமனையில் 15 நிமிடத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது இலக்கு. 2022 குளிர்காலத்தில் ஒப்படைக்க முடியாமல் மருத்துவமனை வாசலில் மணிக்கணக்காக ஆம்புலன்ஸ்கள் நின்றன. மாரடைப்பு, பக்கவாதம் என்று சந்தேகப்படும் அழைப்புகளுக்குச் சராசரியாக 18 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். அந்த டிசம்பரில் இங்கிலாந்தின் சராசரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. இது ரோட்டாவையும் எப்படிச் சிதைக்கிறது என்று பாருங்கள். இரவு ஏழு மணிக்கு முடிய வேண்டிய க்ரூவுக்கு (ஒரு வண்டியின் குழுவுக்கு) ஆறு நாற்பதுக்கு ஒரு அழைப்பு வருகிறது. நோயாளியோடு வாசலில் காத்திருந்து முடிக்க ஒன்பதரை. 1998 வேலை நேர விதிகளின்படி அடுத்த ஷிப்டுக்கு முன் 11 மணி நேர ஓய்வு வேண்டும். ஆகவே மறுநாள் காலை எட்டரைக்குத்தான் வர முடியும். ஏழு மணிக்கு அந்த வண்டி ஸ்டேஷனில் சும்மா நிற்கும். திரையில் பார்த்த அந்த அழகான வரைபடம் முதல் நாள் மாலையிலேயே கிழிந்துவிடுகிறது.

என் கணிப்பில், தொடங்கும் நேரத்தை மாற்றி நிர்வாகம் மிச்சம் பிடிக்க நினைத்த மணி நேரங்களைவிட மருத்துவமனை வாசலில் கரைந்தவை அதிகம். கூட்டத்தில் இதைச் சொன்னேன். “அது இந்தப் பேச்சுவார்த்தையின் வரம்புக்குள் வராது” என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். மருத்துவமனை வேறு டிரஸ்ட், வேறு பட்ஜெட். ஆம்புலன்ஸ் நிர்வாகம் மாற்றக்கூடியது எங்கள் நேரத்தை மட்டும்தான், அதனால் அதை மாற்றுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம்கூடப் பாதிதான்.

வேலைநிறுத்தப் பேச்சும் வந்தது. அப்போதைய சட்டப்படி பாதிப் பேராவது ஓட்டுப் போட வேண்டும். அவசர ஆம்புலன்ஸ் என்பதால் மொத்த உறுப்பினர்களில் 40 சதவீதம் பேர் ஆம் என்றும் சொல்ல வேண்டும். அதுவும் தபால் ஓட்டு மட்டுமே. நைட் முடித்துத் தூங்கிக் கிடப்பவரைக் கவரைப் பிரித்துத் தபாலில் சேர்க்க வைப்பது தனி வேலை. முன்னோட்டமாக நடத்திய கருத்து ஓட்டிலேயே எண்ணிக்கை இழுத்துப் பிடித்துத்தான் வந்தது. இது நிர்வாகத்துக்கும் தெரிந்திருக்கும்.

கடைசியில் பத்து மணி, பன்னிரண்டு மணித் தொடக்கங்களை ஏற்றுக்கொண்டோம். இரண்டு மணி ஷிப்ட் விரும்பியவர்களுக்கு மட்டும் என்றானது. ஆச்சரியமாக, விரும்பியவர்களும் இருந்தார்கள், பெரும்பாலும் பிள்ளை இல்லாத இளவட்டங்கள். நைட் குறைந்து வருமானம் இழப்பவர்களுக்குக் குறிப்பிட்ட காலம் ஈடு கொடுக்கவும் சம்மதித்தார்கள். ஆறு மாதத்தில் மறு ஆய்வு. எந்த ஸ்டேஷனில் யார், எந்த மருத்துவமனையில் நின்று, எவ்வளவு தாமதமாக முடித்தார்கள் என்ற பட்டியலும் அந்த ஆய்வில் இடம்பெற வேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டோம். இந்த முறை அதை வரம்புக்கு வெளியே என்று தள்ள முடியாது.