மழைக்காலக் குடிநீர் நாட்குறிப்பு: குழாயில் நுழையும் நோய்கள்

அக்டோபர் 16

வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம். காவிரி டெல்டா ஊர்களில் குடிநீர் கெடுவது பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்றில் அல்ல, மேல்நிலைத் தொட்டிக்கும் வீட்டுக் குடத்துக்கும் நடுவில்தான். விட்டு விட்டு வரும் சப்ளைதான் இதற்குக் காரணம். தண்ணீர் ஓடும்போது குழாயில் அழுத்தம் இருக்கும். ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். வால்வை மூடியதும் அழுத்தம் விழும். அப்போது அதே ஓட்டை வழியாக, வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை உள்ளே போகும். வீட்டு இணைப்பில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் பக்கத்து வீட்டு ஓட்டையிலிருந்தும் இழுக்கும்.

ஆகவே மழைக்கு முன் இரண்டு இடங்களைப் பார்த்துவிட வேண்டும். வால்வு குழியில் தண்ணீர் நிற்கிறதா? சாக்கடை வாய்க்காலைக் குறுக்கே கடக்கும் வீட்டு இணைப்புகள் எத்தனை? அந்த அரை இன்ச் குழாய் சாக்கடை நீர்மட்டத்துக்குக் கீழே முழுகிக் கிடக்கும். மூட்டில் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். உள்ளிருந்து வரும் கசிவை அது ஓரளவு தடுக்கும். வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்காது. குழாயை வாய்க்காலுக்கு மேலே தூக்கி, மூட்டில்லாத ஒரே துண்டாக மாற்றுவதுதான் தீர்வு.

அக்டோபர் 19

பிளீச்சிங் பவுடர் கணக்கு. 1000 லிட்டருக்கு 4 கிராம். 60,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால்தான் இது லிட்டருக்கு 1 மில்லிகிராம் தரும். புதுப் பவுடரில் 33 சதவீதம் வரை இருக்கும். வாய் திறந்த மூட்டையில், ஈரத்தில் கிடந்தால் வாரக்கணக்கில் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். கட்டி தட்டிய, வாடையே இல்லாத பவுடரைக் கிலோக்கணக்கில் கொட்டினாலும் பயனில்லை.

பவுடரை அப்படியே தொட்டியில் தூவக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விட வேண்டும். மேலே நிற்கும் தெளிவு மட்டும் தொட்டிக்கு. அடியில் தங்குவது வெறும் சுண்ணாம்பு. தொட்டி நிரம்பும்போதே ஊற்றினால் நன்றாகக் கலக்கும். குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வு திறக்க வேண்டும். கழிவறை ஆசிட் பக்கத்தில் பவுடரை வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

தொட்டியடியில் எடுக்கும் குளோரின் அளவு அரைக் கணக்குத்தான். பார்க்க வேண்டியது தெருவின் கடைசி வீட்டுக் குழாய். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். குழாயில் பிடித்த சோதனைத் தண்ணீரில், குளோரினைக் காட்டும் டிபிடி மாத்திரை போட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். நிறமே வராவிட்டால் அந்தத் தெருவுக்குப் பாதுகாப்பு இல்லை.

அக்டோபர் 25

நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். “மொதக் குடம் கலங்கலா வருது, நாத்தம் அடிக்குது” என்று பெண்கள் சொல்லத் தொடங்கினால் அதுதான் முதல் அறிக்கை. ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் 10 நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடித்து வைக்காமல் வெளியே விடலாம். ஆனால் பிறகு தெளிந்து வந்தாலும் அது சுத்தம் என்று ஆகாது. குடிக்கும் தண்ணீர் முழுவதும் கொதிக்க வேண்டும்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம். விரல் சுடும் சூடு போதாது. ஆறியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் அதிலேயே மூடி, நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் மொள்ள வேண்டும். டம்ளரோடு கையையும் குடத்துக்குள் விட்டால் கொதிக்க வைத்ததெல்லாம் வீண்.

வெள்ளம் புகுந்த கிணறு: முதலில் இறைத்துக் கலங்கலை வெளியேற்ற வேண்டும். சேறு குளோரினைத் தின்றுவிடும். தெளிந்த பிறகு கணக்கு: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 0.785, எல்லாம் மீட்டரில். வருவதை 1000-ஆல் பெருக்கினால் லிட்டர். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் சுமார் 9,400 லிட்டர். பவுடர் 38 கிராம் அளவு. கரைசலை வாளியோடு நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். அரை மணி கழித்து எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இல்லையென்றால் மறுபடியும் போட வேண்டும்.

அக்டோபர் 27

வயிற்றுப்போக்குதான் முதலில் வரும். காலரா என்றால் சில மணி நேரம் முதல் 5 நாளுக்குள். மலம் அரிசி களைந்த நீர் போலப் போகும். வயிற்றுவலியும் காய்ச்சலும் பெரிதாக இருக்காது. அதனால்தான் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். மலத்தில் ரத்தம் இருந்தால் அது சீதபேதி. டாக்டரிடம் போக வேண்டும்.

ஓஆர்எஸ் பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. பின்பக்கம் படித்துவிட்டுக் கரைக்க வேண்டும். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. பாதி பாக்கெட்டை ஊகமாகப் போடுவதும் தவறு. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கடையில் விற்கும் பழச்சுவை பானங்களில் சர்க்கரை அதிகம்; அது போக்கைக் கூட்டும்.

ஒவ்வொரு முறை போனபிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, 10 வயது வரை 100 முதல் 200, பெரியவர்களுக்குக் குடிக்க முடிந்த அளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகத் தொடர வேண்டும். தாய்ப்பால், கஞ்சி, இட்லி எதையும் நிறுத்த வேண்டாம். “வயிற்றைக் காயப்போடு” என்ற பழக்கம் குழந்தைகளை மெலிய வைக்கிறது. 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஜிங்க் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, போக்கு நின்றாலும் 14 நாள். பெரியவர்கள் போடும் போக்கை நிறுத்தும் மாத்திரை குழந்தைக்கு வேண்டாம்.

கண் குழி விழுதல், அழுதால் கண்ணீர் வராமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாக இறங்குதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, துவண்டு கிடத்தல்: இவை தெரிந்தால் 108.

நவம்பர் 1

ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் போக்கு என்றால் அது ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது’ அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது நினைவில் இருக்கட்டும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஊரெல்லாம் தோண்ட வேண்டியதில்லை. சப்ளை நேரத்தில் தொட்டியிலிருந்து வீடு வீடாகக் குளோரின் பார்த்துக்கொண்டே போனால் 0.5, 0.4, 0.4 என்று வந்து திடீரென்று சுழியம் ஆகும். அந்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் தோண்டலாம். நோயாளிகளின் வீடுகளையும் அதே வரைபடத்தில் குறித்தால் பெரும்பாலும் அந்த இடத்துக்கு அப்பால்தான் குவிந்திருக்கும். அடைத்தபின் குழாயைக் கழுவிவிட்டு, கூடுதல் குளோரினோடு தண்ணீர் விட்டு, கடைசி வீட்டில் அளவு வரும்வரை பார்க்க வேண்டும்.

நவம்பர் 14

போக்கு அடங்கிவிட்டது என்று ஊர் நிம்மதியாக இருக்கும். டைபாய்டு இப்போதுதான் வரும். குடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்து. காய்ச்சல் நாளுக்கு நாள் படியேறும். தலைவலி, பசியின்மை, போக்கு அல்லது மலச்சிக்கல். காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடக் கூடாது. மருந்து உள்ளே போனபிறகு, ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் அது வளர்வது கடினம். டைபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் நம்புவதும் சரியல்ல. முன்பு வந்துபோன தொற்றுக்கும் அது ஏறும். கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும் இருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 3

மஞ்சள் காமாலை. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடலில் 15 முதல் 50 நாள் தங்கித்தான் வெளிப்படும். இ வைரஸ் 2 முதல் 10 வாரம். கண் மஞ்சளாகும் முன்பே சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போகும். குமட்டல், சோறு கண்டாலே வெறுப்பு. இன்று வரும் நோயாளிக்காக இன்றைய தண்ணீரைச் சோதித்து ‘நன்றாக உள்ளது’ என்று எழுதுவதில் பொருளில்லை. அக்டோபர் கடைசியில் அவர் எங்கே குடித்தார் என்று கேட்க வேண்டும்.

கீழாநெல்லி கொடுத்துவிட்டு வீட்டிலேயே காத்திருப்பதுதான் பயமாக இருக்கிறது. அதிலும் கர்ப்பிணிகள். கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் இ வந்தால் நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். கர்ப்பிணியின் கண் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றே அரசு மருத்துவமனை. தடுமாற்றமான பேச்சு, பகலில் தூக்கம், ரத்தக் கசிவு எதுவந்தாலும் யாராக இருந்தாலும் உடனே. டாக்டர் சொல்லாமல் பாரசிட்டமால் வேண்டாம், சாராயம் அறவே கூடாது. நோயாளி தேறும்வரை அவர் கையால் அந்த வீட்டுச் சமையல் வேண்டாம். கழிப்பறை போய்வந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எல்லாருக்கும்.