போன் காட்டிய வழி பூண்டுப் பாத்திக்குள் போகிறது

எட்டு பேர் சேர்ந்து கொடைக்கானல் மலையில் பூம்பாறையிலிருந்து கிளாவரை வரை சைக்கிளில் போவதாகப் பேச்சு. தார் ரோட்டிலேயே போவதென்றால் வழி பார்க்க ஆள் தேவையில்லை, பஸ் போகிற ரோடுதான், கண்ணை மூடிக்கொண்டு போகலாம் (மூடாதீர்கள், வளைவில் காய்கறி லாரி வரும்). ஆனால் கடன் வாங்கி எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) எடுத்துவிட்டு அதைத் தாரிலேயே உருட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. தோட்டங்களுக்கு நடுவில் ஓடும் மண் பாதைகளைக் கோத்து ஒரு வழி போட முடியுமா என்று பார்க்க டிசம்பரில் இரண்டு நாள் நான் மட்டும் போய்வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எல்லாம் சுலபமாக இருந்தது. பூம்பாறைக்குக் கீழே பழுப்புக் கோடு ஒன்று அழகாக ஓடை வரை இறங்கி, எதிர்ச்சரிவில் ஏறியது. ஏற்ற இறக்கப் படமும் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வளைவைத்தான் காட்டியது. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பல ஆப்களில் வரும் உயரக் கணக்கு 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து ராடாரில் அளந்தது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. பூம்பாறையின் படிக்கட்டு நிலத்தில் அந்த 30 மீட்டருக்குள் ஐந்தாறு படி அடங்கிவிடும், ஒவ்வொன்றும் இடுப்புயரம், சிலது ஆளுயரம். படத்தில் சரிவு, நேரில் சுவர். முதல் அரை மணி நேரத்தில் நான் சைக்கிளை ஓட்டியதைவிடச் சுமந்ததுதான் அதிகம்.

நாலாவது படியில் அந்தக் கோடு காணாமல் போய்விட்டது. போனைப் பார்த்தால் நான் பாதையின் மேல்தான் நிற்கிறேன், தரையைப் பார்த்தால் பூண்டு. முன்சக்கரம் பாத்திக்குள் ஒரு முழம் போயிருந்தது. மேலே களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"ஏப்பா, வரப்புக்கும் பாத்திக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"மன்னிச்சிருங்கம்மா, போன்ல வழின்னு காட்டுச்சு."

"போனா வந்து தண்ணி பாய்ச்சுச்சு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஏறி நின்றேன். கோபம் தணிந்த பிறகு அவரே வந்து கையைக் காட்டி விளக்கினார். படத்தில் தெரிந்தது அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும்போது ஆட்கள் குறுக்கே நடந்த தடமாம். வெள்ளாமை நிற்கும்போது அது கிடையாது. மூட்டை போவதற்கென்று குதிரைப் பாதை தனியாக இருக்கிறது, ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், அதில் போனால் யாரும் கேட்கமாட்டார்கள், குதிரையை மட்டும் மிரட்டாதே என்றார்.

அந்தக் குதிரைப் பாதைதான் இந்தப் பயணத்தில் நான் கண்டுபிடித்த, இல்லை, எனக்குச் சொல்லப்பட்ட பெரிய விஷயம். பூண்டு மூட்டையோடு குதிரை ஏற வேண்டும் என்பதால் எங்கேயும் செங்குத்தாகப் போகாமல் மடங்கி மடங்கி ஏறுகிறது, இருப்பதிலேயே லேசான கியரில் மெதுவாக மிதித்தால் இறங்காமலே ஏறிவிடலாம். குளம்பு பதிந்த குழிகள் மட்டும் நரக வேதனை. டயர் காற்றை 28 பிஎஸ்ஐயிலிருந்து 22-க்கு இறக்கிய பிறகுதான் பல் ஆடுவது நின்றது. காலையில் மூட்டைகள் ரோட்டுக்கு ஏறுகிற நேரத்தில் நாம் எதிரே இறங்கக் கூடாது. குதிரை வந்தால் இறங்கி, பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டுப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், சக்கரத்தையும் உருட்டக் கூடாது, ஏனென்றால் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் டிக்டிக் சத்தத்துக்கு ஒரு குதிரை காதை நிமிர்த்தி நின்றுவிட்டது, அதன் பின்னால் வந்த மூன்றும் நின்றன, ஓட்டி வந்த அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அந்த மூட்டைகள் லாரி ஏறி வடுகபட்டி சந்தைக்குப் போகின்றன. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான்.

தோட்டத்தைச் சுற்றிச் சோலார் வேலி போட்டிருக்கிறார்கள், காட்டுமாட்டுக்கும் பன்றிக்கும். சாயங்காலம்தான் கரண்ட் விடுவோம் என்றார்கள், அதை நம்பித் தொட்டுப் பார்க்கவில்லை. திறந்த கேட்டை நாம் மூடிவிட்டுத்தான் போக வேண்டும், எட்டு பேரில் கடைசியாக வருகிறவருக்கு அந்த வேலை.

பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் நடுவில் மரக்காட்டு வழியாக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது, ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். வனத்துறை இடத்தில் அனுமதி இல்லாமல் நுழைகிற வேலை நமக்கு வேண்டாம். மன்னவனூர் புல்வெளியும் அப்படித்தான், படத்தில் பார்த்தால் சைக்கிளுக்கென்றே விரித்த மாதிரி இருக்கும், ஆனால் அதில் பெரும் பகுதி பாரத் மெரினோ ஆடு வளர்க்கும் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தின் இடம். ஆக அந்தத் துண்டு முழுக்கத் தார்தான், திட்டாதீர்கள்.

கவுஞ்சி தாண்டியதும் மறுபடி மண்ணில் இறங்கலாம், நல்ல ஓட்டம். அப்புறம் பூண்டி. பூண்டியிலும் பூண்டுதான். கிளாவரையோடு பஸ் ரோடு முடிகிறது. "அப்படியே வட்டவடை இறங்கி மூணாறு போயிடலாமே" என்று நம்மில் ஒருவர் கேட்பார், யாரென்று எனக்குத் தெரியும். முடியாது, திரும்பித்தான் வர வேண்டும். ஏறிவந்த தார் முழுக்க இறக்கம் என்று நினைக்காதீர்கள், இந்த மலையில் இரண்டு பக்கமும் ஏற்றம்தான்.

சைக்கிள் ஏற்றி வரும் காருக்கு இ-பாஸ் எடுங்கள், 2024 மே முதல் அது இல்லாமல் முடியாது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கூடாது, முதுகுப் பையில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

தேதிதான் இன்னும் இழுக்கிறது. ஜனவரி என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். ஐப்பசியில் போட்ட பூண்டைப் பிப்ரவரி கடைசி, மார்ச்சில் பிடுங்கிவிடுவார்களாம், அப்போது வந்தால் பாத்தியெல்லாம் காலியாக இருக்கும், குறுக்கேயே போகலாம் என்று அந்த அம்மா சொன்னார். ஆனால் மார்ச் என்றால் காடு காய்ந்துவிடும், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நம் வழியில் காடு இப்போது இல்லை என்பதால் மார்ச் முதல் வாரத்துக்கு நான் சரி என்கிறேன். காய்ச்சல் அடிக்கிற மாதிரி வெயில் இருந்தாலோ எங்காவது புகை தெரிந்தாலோ பூம்பாறையிலேயே டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

மிதித்துவிட்ட பாத்திக்குக் காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. பதிலுக்குப் போன வருஷத்துப் பூண்டு ஒரு கொத்து கொடுத்தார், அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை ஏறியது. ஹேண்டில் பையில் போட்டுக்கொண்டு வந்தேன், பை இன்னும் நாறுகிறது.