நாற்காலியும் மானிட்டரும்

நாற்காலியை விட்டு எழுந்தால் மானிட்டர் ஓரிரு நொடி கறுத்துத் திரும்ப வரும். காற்று வறண்ட நாட்களில் இந்தத் தொல்லை அதிகம். கூடவே, கரும்பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தும் பலனில்லை.

கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளைப் புதிதாக வாங்குமுன் 4கே திரையின் புதுப்பிப்பு வேகத்தை 60 ஹெர்ட்ஸிலிருந்து 30 ஆகக் குறைத்தேன். புள்ளிகள் அடியோடு மறைந்தன. கறுப்பது மட்டும் நிற்கவில்லை. ஆக, நோய் ஒன்றல்ல, இரண்டு.

புள்ளிகளுக்குக் காரணம் கேபிளின் நீளம். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 தரத்தின் உச்சமான நொடிக்கு 18 ஜிகாபிட் கிட்டத்தட்ட முழுதும் தேவை. 30-க்குப் பாதி போதும். அதிர்வெண் ஏற ஏறச் செம்புக் கம்பியில் சிக்னல் தேயும். இதற்கு ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கக் கேபிளைச் சுற்றி மாட்டும் காந்தப்பொருள் வளையம்) மாட்டிப் புண்ணியமில்லை. அந்த வேகத்துக்குச் சான்றிதழ் பெற்ற குட்டைக் கேபிள் போட்டதும் தீர்ந்தது. தூரம் கட்டாயமென்றால், சிக்னலை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிள்தான். அதில் எந்த முனை கணினிக்கு, எந்த முனை திரைக்கு என்று பார்த்துச் செருக வேண்டும்.

கறுப்பதற்கு நாற்காலியே காரணம். சொன்னால் சிரிப்பார்கள். கேஸ் லிஃப்ட் (உயரத்தை ஏற்றி இறக்கும் வாயு உருளை) உள்ள நாற்காலியில் எழும்போதும் உட்காரும்போதும் சேரும் நிலைமின்சாரம் அதன் உலோகப் பாகங்களுக்கிடையே பொறியாகப் பாயும். அப்போது கிளம்பும் மின்காந்தத் துடிப்பைக் கேபிள் ஆன்டெனா போலப் பிடித்துக்கொள்ளும். மானிட்டர் சிக்னலைத் தவறவிட்டு, மறுபடி பிடிக்கும்வரை திரை கறுப்பு.

கழற்றிய பழைய கேபிளின் கனெக்டரைப் பிளந்து பார்த்தேன். வெளி இரைச்சலைத் தடுக்கக் கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக ஷீல்டு வலையை ஒரே இழையாக முறுக்கி, ஓரிடத்தில் மட்டும் சால்டர் வைத்திருந்தார்கள். உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு அந்த ஒற்றை இழை சரியான வடிகால் அல்ல. வலை, கனெக்டரின் உலோகக் கூட்டைச் சுற்றிலும் தொட வேண்டும். கடையில் உறையைப் பிரித்துப் பார்க்க முடியாதுதான். சான்றிதழைப் பார்த்து வாங்குவது அதனால்தான்.

புதுக் கேபிளிலும் எப்போதாவது கறுத்தது. மானிட்டர் முனைக்கு அருகே ஃபெரைட் கிளிப் மாட்டினேன். ஜோடிக் கம்பிகளில் எதிரெதிராக ஓடும் படச் சிக்னலை அது தொடாது; இரண்டிலும் ஒரே திசையில் வரும் இரைச்சலைத்தான் மறிக்கும். இரு பாதிகளுக்கும் இடையே இடைவெளி இருந்தால் பலன் வெகுவாகக் குறையும், ‘டக்’கென்று மூடவேண்டும். பவர் அடாப்டர் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்ததையும் பிரித்து, குறுக்கே கடக்கிற இடத்தில் செங்குத்தாக விட்டேன். அதன்பிறகு கறுக்கவில்லை.

எதிர்பாராமல் இன்னொன்றும் சரியானது: மேசையில் திணறிய 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை. ஷீல்டு சரியில்லாத கேபிள் இரைச்சலை உள்ளே விடுவதோடு வெளியேயும் கசியவிடும்.