பச்சை வானத்தை எதிர்பார்த்து வந்தவன்

நார்வேயின் ட்ரொம்சோவில் வேலை என்றதும் ஊரில் இரண்டு விஷயம் சொன்னார்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியனே வராது, மனசு விட்டுப்போகும். ஆனால் வடதுருவ ஒளி வானமெல்லாம் பச்சையாக ஆடும், அதைப் பார்த்தால் போதும். எனக்கு இரண்டுமே தலைகீழாக நடந்தன.

சூரியன் வராததென்னவோ உண்மைதான். ஆனால் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் பனிமலைகள் நீலமாக நிற்கும், தெற்கே அடிவானம் ரோஜா நிறத்தில் கிடக்கும். கும்மிருட்டுக்குப் பயந்து வந்தவனுக்கு அதுவே பெரிய கொடுப்பினை.

வடதுருவ ஒளி? விளக்கு வெளிச்சமில்லாத இடம் தேடிப் போய், கால் விறைக்க நின்று பார்த்தது சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. மேகம் என்றுதான் நினைத்தேன். கூட்டிப்போன யாழ்ப்பாணத்து அக்கா, மீன் தொழிற்சாலை வேலைக்காக எப்போதோ இந்த வடக்குக்கு வந்தவர், சிரித்தார். "இதுதான் தம்பி. வேற என்னத்தை எதிர்பார்த்தனீங்கள்?" செல்போனில் எடுத்தால் அதே பட்டை பச்சை! ஏமாற்றிவிட்டார்கள் என்று எரிச்சல்தான் வந்தது.

அதில் மோசடி ஒன்றுமில்லை. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் உமிழும் ஒளி உண்மையிலேயே பச்சைதான். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரியாது; கேமரா சில விநாடிகள் ஒளியைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. ஒளி பலமாக வரும் இரவுகளில் வெறும் கண்ணுக்கே பச்சை தெரியும், ஓரத்தில் இளஞ்சிவப்புகூட.

பிப்ரவரியில் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்தாள். இதன் படம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அன்றைக்கும் மங்கலான பட்டைதான். "ஏல, அந்தப் புகை நடக்குது பாருல!" என்று கத்தியவள் உள்ளே வரவே மறுத்துவிட்டாள். போனில் எடுத்த பச்சைப் படத்தைக் காட்டினேன். "இதென்னல, கலர் அடிச்சிருக்க?" என்றாள். அவளுக்குச் சாம்பல்தான் அசல்.

2024 மே 10 சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில்கூட இந்த ஒளியால் வானம் சிவந்ததைப் படம் பிடித்தார்கள். உனக்குச் செம காட்சியாக இருக்குமே என்று நண்பர்கள் கேட்டார்கள். மே மாதம் இங்கே இரவு இருட்டுவதே இல்லை, எதுவும் தெரியாது. அது முன்பே தெரிந்ததால் வருத்தமும் இல்லை.

அடுத்த மார்ச்சில் கல்லூரி நண்பன் குடும்பத்தோடு வருகிறான். படம் எதுவும் அனுப்பவில்லை, நல்ல பூட்ஸ் வாங்கி வா என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் பிள்ளைகள் யூடியூபில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டார்களாம்.