ஆறாவது இடத்து எண்

புண்ணைப் பார்க்காமலே புண்ணைப் பற்றி எழுதுவதுதான் என் வேலை என்றால் வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. அமெரிக்காவில் ஒரு பாத மருத்துவர் எழுதிய குறிப்பைச் சென்னைப் பெருங்குடியில் உட்கார்ந்து படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் போட வேண்டும். அவற்றை வைத்துத்தான் அங்கே காப்பீட்டுப் பணம் போய்ச் சேரும். "அப்படியானால் நீ டாக்டரா, கணக்குப்பிள்ளையா?" என்று அத்தை கேட்டார். கணக்குப்பிள்ளைதான் என்றேன்.

நுண்ணுயிரியல் பட்டம், ஒரு பயிற்சி மையத்தில் மெடிக்கல் கோடிங் வகுப்பு, பிறகு வேலை. இதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த மூன்று மாதம்தான் என்னைப் பிழிந்து எடுத்தது. நீரிழிவு நோயாளிகளின் காலில் வரும் புண்களுக்கான பிரிவில் போட்டார்கள். போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டில் தொடர்ந்து 95 சதவீதம் எடுத்தால் வேலை நிலைக்கும். முதல் வாரம் எனக்குக் கிடைத்தது 71.

மேலோட்டமாகப் பார்த்தால் எளிதுதான். அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல் புழங்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டு முறையில், இரண்டாம் வகை நீரிழிவோடு பாதப் புண் இருந்தால் முதலில் இ11.621. அதோடு நிறுத்தினால் சார்ட், அதாவது அந்த நோயாளியின் குறிப்பு, திரும்பி வந்துவிடும். புண் எங்கே, எவ்வளவு ஆழம் என்று எல்97 வரிசையில் இன்னொன்று சேர்க்க வேண்டும். குதிகாலும் நடுப்பாதமும் எல்97.4, விரல்கள் உள்ளிட்ட மற்ற பகுதிகள் எல்97.5. குறியீட்டின் ஐந்தாவது இடம் வலதா இடதா என்று சொல்லும். ஆறாவது இடம் ஆழம். தோல் மட்டும் என்றால் 1, கொழுப்பு தெரிந்தால் 2, தசை அழுகியிருந்தால் 3, எலும்பு அழுகியிருந்தால் 4, ஆழம் எங்குமே எழுதப்படவில்லை என்றால் 9. என் வேலையைக் காவு வாங்கப் பார்த்தது இந்த ஆறாவது இடம்தான்.

ஒரு சார்ட் இன்னும் நினைவிருக்கிறது. இடது கால் கட்டைவிரலில் புண், 2.1 செ.மீ. நீளம், 1.8 அகலம், 0.3 ஆழம். எந்தத் திசு வரை போயிருக்கிறது என்று மருத்துவர் எழுதவில்லை. நான் 9 போட்டேன். கீழே நர்ஸ் எழுதிய குறிப்பில் 'தோலடிக் கொழுப்பு தெரிகிறது' என்று இருந்தது. நோயை மருத்துவர் எழுத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று வகுப்பில் ஓதியிருந்ததால் அதை ஒதுக்கிவிட்டேன். ஆடிட்டர் வழிகாட்டு விதியைத் திறந்து காட்டினார். நோயைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் இத்தகைய புண்ணின் ஆழத்தை நர்ஸின் குறிப்பிலிருந்தும் எடுக்கலாம். சரியான விடை எல்97.522. "கீழே பார்க்காமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை அம்மா. பார்த்துவிட்டுத் தள்ளியிருக்கிறாய்" என்றார். சுருக்கென்றது.

அடுத்த அடி பயிற்சி மையத்தில் வாங்கிய ஜெராக்ஸ் குறிப்புகளால் விழுந்தது. புண்ணில் தசை தெரிகிறது என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் 3 போட்டுவந்தேன். தசை தெரிவது வேறு, தசை அழுகுவது வேறு. அழுகல் இல்லாமல் தசை வரை போயிருந்தால் 5, எலும்பு வரை போயிருந்தால் 6, வேறு வகை ஆழத்துக்கு 8 என்று 2017 அக்டோபரிலேயே சேர்த்துவிட்டார்கள். நான் பணம் கட்டி வாங்கிய குறிப்பு அதற்கும் முந்தையது. பயிற்சி மையத்தைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அந்தந்த ஆண்டின் புத்தகத்தைப் புரட்டாதது என் சோம்பல்தான்.

செத்த திசுவைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சையில் இன்னொரு பாடம். புண் 30 சதுர செ.மீ., அடியில் எலும்பு தெரிகிறது. மருத்துவர் எடுத்ததோ தோலடித் திசு வரைதான், அதுவும் 12 சதுர செ.மீ. மட்டும். நான் எலும்புக்கான சிகிச்சைக் குறியீடு 11044-ஐப் போட்டு, முதல் 20 சதுர செ.மீ. தாண்டிய பரப்புக்கு 11047-ஐயும் சேர்த்திருந்தேன். தோலடித் திசுவுக்கான 11042 மட்டும் போதும். எடுத்ததற்குத்தான் கூலி, தெரிந்ததற்கு இல்லை. சரிபார்க்காமல் போயிருந்தால் அது பொய்க் கணக்கு.

இதற்கிடையில் நீரிழிவு உள்ள அத்தையை ராயபுரத்துக்குப் பாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார்கள். உணர்ந்தால் 'ம்' சொல்ல வேண்டும். ஏழெட்டு இடம் தொட்டு முடித்த பிறகு அத்தை, "இன்னும் ஆரம்பிக்கவில்லையா?" என்றார். பல நரம்புகளில் பாதிப்பு என்று சார்ட்டில் வரும்போதெல்லாம் இ11.42 என்று தட்டிவிட்டுப் போனவள் நான். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அத்தையின் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது மாதம், படுத்த படுக்கையாக இருந்த ஒரு முதியவரின் சார்ட் வந்தது. இடது குதிகாலில் ஆழமான புண். நீரிழிவுப் புண்ணா, படுக்கைப் புண்ணா என்று தெளிவில்லை. படுக்கைப் புண் என்றால் எல்89 வரிசைக்குப் போய்விடும். ஆழமும் மொட்டையாக இருந்தது. மருத்துவருக்கு விளக்கம் கேட்டு எழுதினேன். டீம் லீடர் அதைத் திருப்பி அனுப்பினார். "நீரிழிவுப் புண்தானே, தசை அழுகியிருக்கிறதுதானே என்று கேட்டிருக்கிறாய். பதிலை நீ ஊட்டக் கூடாது." எழுதியது ஆங்கிலத்தில்தான், ஆனாலும் அதற்குள் என் 'தானே' உட்கார்ந்திருந்தது. மறுபடி எழுதினேன். குறிப்பில் இருப்பதை மட்டும் எடுத்துவைத்து, நீரிழிவுப் புண், படுக்கைப் புண், வேறு காரணம், தீர்மானிக்க முடியவில்லை என்று நான்கையும் கொடுத்தேன். ஆழத்துக்கும் அப்படியே.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நீரிழிவுப் புண், தசை வரை போயிருக்கிறது, அழுகல் இல்லை. இ11.621, அடுத்து எல்97.425. அந்த 5-ஐ நானாகப் போட்டது அதுவே முதல் முறை.

அந்த வாரம் 97. ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தபோது ஜெராக்ஸ் கட்டைத் தராசில் வைத்தேன்.