தொழிலாளர் பாலிசியில் விட்டுப்போன ஒரு வரி

கோயம்புத்தூரில் ஏசி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். 2022இல் என்னிடம் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். அதுவரை காப்பீடு என்று நான் எடுத்திருந்தது சரக்கு வண்டிக்கு மட்டும்தான். அந்த ஆண்டு ஒரு மருத்துவமனையின் புதுக் கட்டடத்தில் கூரையில் பதிக்கும் கேசட் ஏசி மாட்டும் வேலை வந்தது. ஒர்க் ஆர்டர் தர வேண்டுமானால் இரண்டு பாலிசிகளின் நகல் வேண்டும் என்றார்கள். ஒன்று, வேலையில் அடிபடும் நம் ஆட்களுக்கு ஈடு தரும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு; இன்னொன்று, நம் வேலையால் வெளியாருக்கோ அவர்கள் பொருளுக்கோ சேதம் வந்தால் ஈடு தரும் பொதுப் பொறுப்புக் காப்பீடு. மூன்று நாள் அவகாசம்.

முகவர் கடைக்கே வந்து படிவத்தை நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் "ஏசி சர்வீஸ்" என்று எழுதினார். ஹெல்பர் தம்பிக்கு நான் கொடுத்தது மாதம் 16,000 ரூபாய். பதிவேட்டில் இருந்ததோ 12,000 மட்டும், மீதி படிக்காசாகக் கையில் போனது. அந்த 12,000தான் படிவத்திலும் ஏறியது. தொழிலாளர் பாலிசியில் மருத்துவச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குத் தனிப் பிரீமியம் என்றார். பிரீமியத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

செப்டம்பரில் ஒரு வீட்டில் முதல் மாடி சன்ஷேடில் நின்று அவுட்டோர் யூனிட்டைப் பிராக்கெட்டில் உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி கீழே விழுந்தான். நான் ஓடிப் போனபோது வலது செருப்பு தனியாகக் கிடந்தது. காப்பர் பைப்பை வளைக்கும் ஸ்பிரிங்கைக் கையில் இறுகப் பிடித்திருந்தான். "அண்ணா, யூனிட் விழவில்லையே?" என்றுதான் முதலில் கேட்டான். குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். இரண்டரை மாதம் வேலைக்கு வர முடியவில்லை.

மறுநாளே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகத் தகவல் கொடுத்தேன். அதன்பிறகு கேட்ட தாள்கள்: கிளெய்ம் படிவம், வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மீண்டும் வேலை செய்யத் தகுதி என்ற மருத்துவர் சான்று, உடன் இருந்தவரின் வாக்குமூலம். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்து வைத்தது பின்னால் கைகொடுத்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி சன்ஷேடை அளந்து பார்த்துவிட்டு, "பாதுகாப்பு பெல்ட் கொடுத்திருந்தீர்களா? கட்டச் சொல்லியும் அவர் கட்டவில்லையா?" என்று கேட்டார். பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன உத்தரவைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறினால், இப்படிப்பட்ட காயத்துக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று சட்டத்தில் இருக்கிறது. பெல்ட் வண்டியில் கிடந்தது. கட்டு என்று நான் சொல்லவே இல்லை. அதைத்தான் சொன்னேன். பழியை அவன் மேல் போட்டிருந்தால் அந்தப் பையனுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது.

அடுத்து வந்தது ஒரு கடிதம். தொழில் "ஏசி சர்வீஸ்" என்று எழுதியிருக்க, உயரத்தில் நின்று புது யூனிட் பொருத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நான்கு இரவு தூங்கவில்லை. பிறகுதான், பாலிசி கேட்டு மருத்துவமனை எனக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் முகவர் படிவத்தோடு இணைத்திருந்தது நினைவுக்கு வந்தது. "பொருத்தும் பணி" என்று அதில் தெளிவாக இருந்தது. அதைக் காட்டி, பாலிசி தரும்போதே என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இனிக் கணக்கு. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு ஒவ்வொரு அரை மாதமும் மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். அப்போது கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். நான் சரியாகக் காட்டியிருந்தால் அரை மாதத்துக்கு 3,750 வந்திருக்கும். 12,000 என்று காட்டியதால் 3,000. ஐந்து அரை மாதத்துக்கு மொத்தம் 15,000. நான் குறைத்த தொகையை என் கையிலிருந்து கொடுத்துச் சரிசெய்தேன்.

மருத்துவமனை பில் 84,000 ரூபாய். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான சிகிச்சைச் செலவை முதலாளி கொடுக்க வேண்டும் என்பது 2009 திருத்தத்திலிருந்தே சட்டம். ஆனால் பாலிசியில் மருத்துவச் செலவு என்ற வரியை நான் சேர்க்கவில்லையே. அந்த 84,000க்காக மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

புதுப்பிக்கும்போது படிவத்தை நானே நிரப்பினேன். உயரத்தில் வேலை, கேஸ் தீயில் காப்பர் பைப்பை இணைக்கும் பிரேசிங், தினக்கூலிக்கு வரும் எலக்ட்ரீஷியன், எல்லாவற்றையும் எழுதினேன். மருத்துவச் செலவையும் சேர்த்தேன். பிரீமியம் கூடியது, கூடட்டும்.

பொதுப் பொறுப்புப் பாலிசியையும் அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். பழுது பார்க்க நாம் கடைக்குத் தூக்கி வரும் வாடிக்கையாளரின் யூனிட் நம் பொறுப்பில் இருக்கும்போது கெட்டால் அதில் ஈடு இல்லை. வேலையை ஒப்படைத்த பிறகு ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் பைப் கசிந்து ஃபால்ஸ் சீலிங் பாழானால் அதற்கும் என் பாலிசியில் இடமில்லை. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கின்றன. ஒர்க் ஆர்டர் தருபவர் எதைக் கேட்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி இப்போது பிரேசிங் தனியாகச் செய்கிறான். இந்த ஆண்டு சம்பளப் பட்டியலை அவனிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். தன் பெயருக்கு நேரே விரலை வைத்து இரண்டு முறை படித்துவிட்டு, "சரிதான் அண்ணா" என்று கையெழுத்துப் போட்டான்.