புல் தழைத்தால் மட்டும் போதாது

பாக் விரிகுடாவில் கடற்புல் நடுகிற வேலை என்று சொன்னால் போதும், எல்லாரும் அடுத்து விசாரிப்பது ஆவுளியாவைத்தான். நியாயம்தான். கடற்பசு என்கிற அந்தப் பிராணி நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். புல் இல்லாமல் அது இல்லை. ஆனால் புல் இருந்துவிட்டாலே அதுவும் பிழைத்துவிடாது.

கடற்புல் பாசி அல்ல. தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் செடி. மண்ணுக்கடியில் படுத்தவாக்கில் ஓடும் தண்டில்தான் அதன் உயிர் இருக்கிறது. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை மடி வலை பெயர்த்துப்போட்ட இடங்களில் மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, வேரும் கணுவுமாகத் தண்டுகளை அதில் முடிந்து இறக்குவோம். கணுவிலிருந்து வெள்ளை வேர் கிளம்பி மணலைப் பிடித்துக்கொள்ளும். கயிறு மக்கிவிடும். புல்லுக்கு முக்கியம் வெளிச்சம். தண்ணீர் கலங்கியே கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்; தெளிந்தால் மிச்சமிருக்கும் தண்டே மறுபடி தழைத்துவிடும்.

ஆவுளியாவுக்கு அப்படி ஒரு மிச்சம் கிடையாது. சினைக்காலமே 13 மாதத்துக்கு மேல். ஈன்றால் ஒரே குட்டி, அடுத்ததற்கு 3 முதல் 7 வருடம். 70 வருடம்கூட வாழக்கூடிய உயிர், வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் சில நிமிடங்களில் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஒரு தாய் போனால் அந்த இடம் நிரம்பப் பல வருடங்கள் ஆகும்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது. எனக்கு அதில் பெருத்த சந்தோஷம். புல் நட்ட இடத்தில் நிற்கும். எல்லைக்கோடு அதற்குக் காவல். ஆவுளியா மேய்ச்சல் தேடி எல்லை தாண்டும், திருக்கை வலை விரித்த பக்கமும் போகும்.

மல்லிப்பட்டினத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "நாம பாத்துக்கிட்டு இருக்கயில சிக்குனா வலைய அறுத்து விட்டுரலாம் தம்பி. ராவுல வலைய விட்டுட்டு விடியப் போய்ப் பாத்தா செத்துல்ல கெடக்கும்."

விடுவிக்கிற மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை கொடுத்துப் பாராட்டுகிறது. நல்ல காரியம். என்னைக் கேட்டால், புல் நடுவதற்குச் செலவாகும் நேரத்துக்குக் குறையாமல் கரையில் வலைக்காரர்களோடு உட்கார வேண்டும். அறுத்த வலைக்கு ஈடு எவ்வளவு, எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது.